ஆர்க்கெஸ்ட்ராவின் கதை – 14: சுரங்கத்திலிருந்து வந்த பொத்தான்

சென்ற இதழில் கிளாரினெட்டைப் பார்த்தோம். இனி பின்வரிசைக்குப் போவோம். பித்தளைக்காரர்கள் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஹார்ன்காரரும் டிரம்பெட்காரரும் கையில் வைத்திருந்தது எப்படிப்பட்ட வாத்தியம் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். திருவிழாவில் கொம்பு ஊதுகிறவரைப் பார்த்தவர்கள்தானே நாம்? துளை கிடையாது, பொத்தான் கிடையாது. ஒரு முனையில் உதடு, மறுமுனையில் விரிந்த வாய், நடுவே வெறும் குழாய். எக்காளமும் அந்த ஜாதிதான். ஹேடனும் மொசார்ட்டும் கையாண்ட ஹார்னும் டிரம்பெட்டும் அதே குடும்பத்துப் பிள்ளைகள். குழாய் மட்டும் நீளம் அதிகம். எஃப் சுருதி ஹார்னின் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 12 அடி வரும்.

வெறும் குழாய் எல்லா ஸ்வரங்களையும் தராது. அடிமட்ட ஷட்ஜத்தில் தொடங்கி உதட்டை இறுக்கிக்கொண்டே போனால், அடுத்து ஒலிப்பது நேராக மேல் ஷட்ஜம். நடுவில் ஒன்றுமே இல்லை. அதற்கடுத்த ஸ்தாயியில் பஞ்சமம் ஒன்று மட்டும். மூன்றாவது ஸ்தாயியில் க, ப, பிறகு ஒரு நி. அந்த நிஷாதமும் கைசிகியைவிடக் கொஞ்சம் இறங்கி நிற்கும். நான்காவது ஸ்தாயிக்கு ஏறினால்தான் ச, ரி, க என்று ஸ்வரங்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அங்கும் மத்யமம் சுத்தமா பிரதியா என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டுக்கும் நடுவில் தொங்கும். தைவதத்துக்கும் இதே கதி. பாஹ் காலத்து டிரம்பெட்காரர்கள் அந்த உச்சாணிக் கிளையிலேயே உட்கார்ந்து, கோணலான ஸ்வரங்களை உதட்டாலேயே நிமிர்த்தி வாசித்தார்கள். பாஹ் மறைந்த கொஞ்ச காலத்தில் அந்தக் கலை தேய்ந்துபோனது. அதன்பின் ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட்டுக்கு மிஞ்சிய வேலை, டிம்பனி முரசோடு சேர்ந்து ச-வையும் ப-வையும் ஓங்கி அடிப்பது.

ஹார்ன்காரர்கள் இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, குழாயின் நீளத்தை மாற்றுவது. சுருதிக்கு ஒன்றாகக் கூடுதல் வளையங்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, பாட்டின் சுருதிக்கு ஏற்றதைச் செருகிக்கொள்வார்கள். குரூக் என்று பெயர். 1772-ல் எஸ்டர்ஹாஸி இளவரசரின் அரண்மனையில் ஹேடன் எழுதிய 45-ஆவது சிம்பொனி, வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிற அந்தப் புகழ்பெற்ற ‘பிரியாவிடை’, எஃப் ஷார்ப் மைனரில் அமைந்தது. அந்தச் சுருதிக்கு ஹார்ன்காரர்களிடம் வளையமே கிடையாது. அரை ஸ்வரம் இறக்கும் தனித் துண்டுகளைச் செய்து வாங்க வேண்டியிருந்தது. மொசார்ட் 1788-ல் எழுதிய 40-ஆவது சிம்பொனியில் வேறொரு தந்திரம் செய்தார். இரண்டு ஹார்ன்களுக்கும் வெவ்வேறு சுருதி கொடுத்தார். ஒருவரிடம் இல்லாத ஸ்வரம் மற்றவரிடம் இருக்கும்.

இரண்டாவது வழி, கை. 1750 வாக்கில் டிரெஸ்டன் அரசவையில் இருந்த ஹாம்பெல் என்ற ஹார்ன் கலைஞர், வாத்தியத்தின் வாய்க்குள் கையை விட்டுப் பாதி அடைத்தும் முழுக்க அடைத்தும் இடைப்பட்ட ஸ்வரங்களைப் பிடிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். அடைத்த ஸ்வரம் மங்கலாக, தொண்டை கட்டினாற்போல் ஒலிக்கும். திறந்த ஸ்வரம் பளிச்சென்றிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வையே அழகாக மாற்றிக் காட்டியவர் அவருடைய சீடர், ஜியோவானி புன்டோ. அது இத்தாலியப் பெயராக இருந்தாலும் ஆள் போஹேமியாக்காரர். சொந்தப் பெயர் யான் வாட்ஸ்லாவ் ஸ்டிக். துன் பிரபுவின் பண்ணையடிமை. பிரபுதான் செலவு செய்து படிக்க வைத்தார். படித்து முடித்ததும் இவர் தப்பி ஓடினார். பிரபு பின்னாலேயே ஆட்களை அனுப்பி, பிடிக்க முடியாவிட்டால் முன்பல்லையாவது தட்டிவிட்டு வாருங்கள் என்றாராம். பல் போனால் ஹார்ன் போச்சு என்பது பிரபுவுக்கும் தெரிந்திருக்கிறது. நல்லவேளை, ஸ்டிக் அகப்படவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு ஐரோப்பா முழுக்க வாசித்தார். 1800-ல் வியன்னாவுக்கு வந்தபோது அவருக்காகவே பீத்தோவன் ஒரு ஹார்ன் சொனாட்டா எழுதி, ஏப்ரல் 18 அன்று தானே பியானோவில் உட்கார்ந்து கூட வாசித்தார்.

ஆக, ஹார்னில் எது வரும், எது வராது என்பது பீத்தோவனுக்கு அத்துப்படி. அதனால்தான் அவருடைய ஐந்தாம் சிம்பொனியில் ஓர் இடம் என்னை எப்போதும் பிடித்து நிறுத்துகிறது. முதல் பகுதியில் அந்த நாலு தட்டுத் தட்டும் ஆரவாரம் ஓய்ந்ததும், இரண்டாவது மெட்டுக்குக் கட்டியம் கூறுவதுபோல ஹார்ன்கள் மட்டும் தனியாக உறுமும். அப்போது இசை ஈ ஃபிளாட் மேஜரில் இருக்கிறது. ஹார்ன்களில் செருகியிருப்பதும் ஈ ஃபிளாட் வளையம்தான். எல்லாம் திறந்த ஸ்வரங்கள், கம்பீரத்துக்குக் குறைவே இல்லை. பிற்பாதியில் இதே கட்டியம் திரும்ப வருகிறது. ஆனால் இப்போது சுருதி சி மேஜர். வளையம் மாற்ற அவகாசமில்லை. கையால் அடைத்து ஊதினால் அந்த உறுமல் வராது. பீத்தோவன் அந்த வரியை இரண்டு பாசூன்களிடம் கொடுத்துவிட்டார்.

பிற்காலத்தில் பல கண்டக்டர்கள் இதைப் பீத்தோவனின் கையாலாகாத்தனம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டாம் முறையும் ஹார்னையே ஊதச் சொன்னார்கள். இன்றைய ஹார்னில் அது குழந்தை வேலை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் தடவை முழங்கியது இரண்டாம் தடவை சற்றே கரகரத்த குரலில், மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறதே, அந்த வேறுபாடு காதுக்குப் பழகிவிட்டால் திருத்திய வடிவம் சப்பென்று இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

இல்லாத ஸ்வரங்களைப் பெறக் குழாயில் துளை போட்டால் என்ன? நாகஸ்வரம் பார்த்த நமக்கு முதலில் தோன்றும் யோசனை அதுதான். வியன்னா அரசவை டிரம்பெட்காரர் ஆன்டன் வைடிங்கருக்கும் அதுதான் தோன்றியது. துளைகளைப் போட்டு, மூடித் திறக்கச் சாவிகள் வைத்தார். அந்த வாத்தியத்துக்காக ஹேடன் 1796-ல் ஒரு கான்செர்ட்டோ எழுதினார். மேடை ஏறியது 1800 மார்ச் 28-ல். ஹேடனின் குறும்பைப் பாருங்கள். தொடக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருக்கும்போது டிரம்பெட் நடுவில் புகுந்து ஒரே ஒரு ஸ்வரம் ஊதும். பிறகு சின்னதாக ஒரு முழக்கம். இரண்டும் பழைய டிரம்பெட்டில் யாரும் ஊதக்கூடியவை. சபையில் இருந்தவர்கள், வழக்கமான சங்கதிதான் என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் தன் முறை வந்ததும் தனி வாத்தியம் கீழ் ஸ்தாயியில் ச, ரி, க என்று படிப்படியாக நடக்கத் தொடங்குகிறது. வெறும் குழாயில் அந்த இடத்தில் அப்படி நடக்கவே முடியாது.

ஆனாலும் சாவி டிரம்பெட் நிலைக்கவில்லை. சாவி திறந்த ஸ்வரம் ஒரு குரலிலும் மூடிய ஸ்வரம் வேறு குரலிலும் வந்தது. டிரம்பெட்டின் வீச்சு போய்விட்டது. 1810-ல் அயர்லாந்தில் ஜோசப் ஹாலிடே என்ற ராணுவ பேண்டு மாஸ்டர் சாவி வைத்த பியூகிளுக்குக் காப்புரிமை வாங்கினார். அது ராணுவத்தில் நன்றாக ஓடியது. ஆர்க்கெஸ்ட்ரா கண்டுகொள்ளவில்லை. ராணுவம் முதலில் எடுத்துக்கொள்வதும் ஆர்க்கெஸ்ட்ரா கடைசியில் அரைமனதாக வாங்கிக்கொள்வதும் இந்தக் கதை நெடுகிலும் வரும்.

இப்போது சிலேசியாவுக்குப் போவோம். அன்று பிரஷ்யா, இன்று போலந்து. நிலக்கரிச் சுரங்கங்களும் உலைக்களங்களும் நிறைந்த பகுதி. அங்கே பிளெஸ் என்ற ஊரில் சிற்றரசர் ஒருவரின் வாத்தியக் குழுவில் ஹார்ன் வாசித்துக்கொண்டிருந்தவர் ஹைன்ரிக் ஷ்டோல்ட்செல். அதே சிலேசியாவில் வால்டன்பூர்க் என்ற சுரங்க ஊரில், சுரங்கக் கம்பெனி பேண்டில் வாசித்தவர் ஃபிரீட்ரிக் புளூமெல். 1814 டிசம்பரில் ஷ்டோல்ட்செல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்முக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். கையை உள்ளே விடாமல், வளையம் மாற்றாமல், எல்லா ஸ்வரங்களையும் ஒரே துலக்கத்தோடு வாசிக்கும் ஹார்ன் தன்னிடம் இருக்கிறது, தங்கள் படைப்பிரிவுகளின் பேண்டுகளுக்குப் பயன்படும் என்றார். அடுத்த ஆண்டு லைப்சிக் இசைப் பத்திரிகையில் இந்தப் புது ஹார்னைப் பற்றிச் செய்தி வந்தது.

உடனே புளூமெல், அது என் யோசனை என்று கிளம்பினார். உலைக்களத்தில் காற்றுக் குழாய்களைத் திருப்பிவிடும் அடைப்பான்களைப் பார்த்துத்தான் தனக்கு அது தோன்றியது என்பது அவர் வாதம். யார் முந்தியவர் என்று இன்றுவரை தீரவில்லை. ஆனால் புளூமெல் சொன்னதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. காற்றை ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்குத் திருப்பிவிடுவதைத் தினமும் பார்க்கிறவன் சுரங்கத்துக்காரன்தான். ராஜசபையில் வெல்வெட் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அல்ல. கடைசியில் 1818 ஏப்ரல் 12 அன்று இருவர் பெயரிலும் சேர்த்துப் பத்தாண்டுக் காப்புரிமை கிடைத்தது. ஷ்டோல்ட்செல் 400 தாலர் கொடுத்துப் புளூமெலின் பங்கை வாங்கிக்கொண்டு பெர்லின் அரசவை இசைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தார். பத்தாண்டு முடிந்து 1828-ல் புளூமெல் வேறொரு வடிவத்துக்கு மறுபடி காப்புரிமை கேட்டார். கொடுக்கவில்லை.

இந்தப் புது ஹார்னில் இருந்த பொறிக்கு வால்வு என்று பெயர். அது செய்யும் வேலை எளியது. பிரதான குழாயோடு ஒரு சிறு வளையம் நிரந்தரமாகவே ஒட்டியிருக்கும். பொத்தானை அழுத்தினால் காற்று அந்த வளையத்தைச் சுற்றிக்கொண்டு வரும். விட்டால் நேராகப் போகும். பெட்டியில் தூக்கி வந்த குரூக்கை வாத்தியத்திலேயே ஒட்டவைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் செருகிக் கழற்றுவதுதான் இது. முதலில் இரண்டு வால்வுகள்தான் இருந்தன: ஒன்று அரை ஸ்வரம் இறக்கும், மற்றது முழு ஸ்வரம். மூன்றாவது சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. அது ஒன்றரை ஸ்வரம் இறக்கும். இரட்டிப்புக்கு இரட்டிப்பாக எட்டுச் சேர்க்கைகள். இடைவெளிகள் எல்லாம் நிரம்பிவிட்டன.

ஆனால் கணக்கில் ஒரு பிசகு ஒளிந்திருக்கிறது. 100 அங்குலக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். முழு ஸ்வரம் இறங்க ஏறக்குறைய 12 அங்குலம் கூட வேண்டும், அரை ஸ்வரத்துக்கு 6. முழு ஸ்வர வால்வை அழுத்தியபின் குழாய் 112 அங்குலம் ஆகிவிடுகிறது. அதிலிருந்து இன்னும் அரை ஸ்வரம் இறங்க 6 போதாது, ஏழுக்குக் கொஞ்சம் குறைய வேண்டும். ஆனால் வால்வில் இருப்பது 6 மட்டுமே. ஆகவே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுருதி சற்று ஏறியே நிற்கும். மூன்றையும் அழுத்தினால் நன்றாகவே ஏறிவிடும். இன்றும் டிரம்பெட் வாசிப்பவர் இடது கை விரலால் ஒரு குழாயை வெளியே தள்ளி இழுப்பதைப் பார்க்கலாம். அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறார்.

வால்வின் வடிவங்களைப் பற்றி எழுதினால் இந்தத் தொடர் முடியாது. 1830-ல் வியன்னாவின் ஊல்மன் இரட்டைப் பிஸ்டனுக்குக் காப்புரிமை பெற்றார். 1835-ல் அதே ஊர் ரீடல் சுழலும் வால்வைக் கொண்டுவந்தார். 1839-ல் பாரிஸின் பெரினே செய்த பிஸ்டன்தான் இன்று உலகெங்கும் பெரும்பாலான டிரம்பெட்டுகளில் இருப்பது. நம்மூர் கல்யாண ஊர்வலத்தில் வரும் பேண்டு செட்டின் டிரம்பெட்டிலும் அந்த மூன்று பொத்தான்கள்தான். வியன்னா ஃபில்ஹார்மோனிக் மட்டும் பிடிவாதமாக அந்தப் பழைய இரட்டைப் பிஸ்டன் ஹார்னையே இன்றும் வாசிக்கிறது.

புது வாத்தியத்தை இரு கை நீட்டி வாங்கியவர்கள் பட்டாளத்துக்காரர்கள். குதிரைமேல் உட்கார்ந்து ஒரு கையில் கடிவாளம் பிடித்திருப்பவனுக்கு வளையப் பெட்டி எதற்கு ஆகும்? பிரஷ்ய ராணுவ இசையைத் தலைகீழாக மாற்றியமைத்த வில்ஹெல்ம் வீப்ரெக்ட், 1820களின் இறுதியிலேயே குதிரைப்படை பேண்டுகளில் வால்வு வாத்தியங்களைப் புகுத்தினார். பித்தளைக் குடும்பத்துக்கு அடித்தளக் குரல் இல்லையென்று கண்டு, வாத்தியக் கைவினைஞர் மோரிட்சோடு சேர்ந்து 1835 செப்டம்பர் 12-ல் பாஸ் டியூபாவுக்குக் காப்புரிமை எடுத்தார். இன்று ஆர்க்கெஸ்ட்ராவின் மூலையில் யானைபோல் உட்கார்ந்திருக்கும் டியூபா பிறந்தது இப்படித்தான், பாசறையில். 1838-ல் ரஷ்ய ஜார் பெர்லினுக்கு வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்களை ஒன்றாக நிறுத்தி வாசிக்க வைத்துக் காட்டினார் வீப்ரெக்ட்.

ஆர்க்கெஸ்ட்ரா அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தது. பெர்லினில் பதவியில் இருந்த இசையமைப்பாளர் ஸ்பொன்டீனி, 1820களில் வால்வு ஹார்னையும் டிரம்பெட்டையும் பாரிஸ் நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார். 1833-ல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் மைஃப்ரெட் வால்வு ஹார்ன் வகுப்பைத் தொடங்கினார். 1835-ல் ஹாலெவி தன் ‘யூதப் பெண்’ ஓப்பராவில் நான்கு ஹார்ன்களில் இரண்டை வால்வு ஹார்னாக எழுதினார். மற்ற இரண்டும் பழையவை. வாக்னர்கூட 1842-ல் மேடையேறிய ‘ரியென்ஸி’யில் இப்படி இரண்டுக்கு இரண்டாகத்தான் கலந்தார். மைஃப்ரெட் 1864-ல் ஓய்வு பெற்றதும் பாரிஸில் என்ன செய்தார்கள் தெரியுமா? வகுப்பை இழுத்து மூடினார்கள். அந்த நூற்றாண்டு முடியும்வரை கன்சர்வேட்டரி மாணவன் கையால் அடைத்து ஊதும் ஹார்னைத்தான் முறையாகக் கற்றான். பட்டம் வாங்கிவிட்டு வெளியே வந்து, ஆர்க்கெஸ்ட்ரா வேலைக்கு வால்வு ஹார்னைத் தானே கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இதைப் பழமைப் பித்து என்று தள்ளிவிடுவது எளிது. எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது. ஆரம்பகால வால்வுகளில் காற்றுப் பாதை கூர்மையாக வளைந்தது. ஒலி அடைபட்டது, காற்றும் கசிந்தது. அதைவிடப் பெரிய குறை வேறு. கை ஹார்னில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு நிறம் இருந்தது. எது வெளிச்சத்தில் நிற்க வேண்டும், எது நிழலில் நிற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இசையமைப்பாளர்கள் மெட்டை எழுதியிருந்தார்கள். வால்வு வந்ததும் எல்லா ஸ்வரமும் ஒரே வெள்ளை. வால்வு ஹார்னால் அதிகம் பயனடைந்த வாக்னரே இதை ஒப்புக்கொண்டார். தன் ‘டிரிஸ்டான்’ ஓப்பராவின் ஸ்கோர் முகப்பில், வால்வினால் கிடைத்த லாபம் பெரிதென்றாலும் ஹார்ன் தன் தொனியின் அழகையும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் இழைந்துபோகும் குணத்தையும் ஓரளவு இழந்துவிட்டது என்று கருத்துச் சொல்லி, கலைஞர்கள் அதை ஈடுகட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

1865 என்ற ஒரே ஆண்டில் இரண்டு கட்சியும் தெளிவாகத் தெரிகின்றன. ஜூன் 10 அன்று மியூனிக்கில் ‘டிரிஸ்டான்’ அரங்கேறியது. நிமிடத்துக்கு நிமிடம் சுருதி மாறும் இசை. வால்வு இல்லாமல் ஹார்ன்காரர் முதல் பக்கத்தைக்கூடத் தாண்ட முடியாது. அங்கே முதல் ஹார்ன் வாசித்தவர் ஃபிரான்ஸ் ஷ்டிராவுஸ், பின்னாளில் புகழ்பெற்ற ரிச்சர்ட் ஷ்டிராவுஸின் தந்தை. வாக்னரின் இசையைக் கண்டாலே ஆகாது அவருக்கு. திட்டிக்கொண்டே அற்புதமாக வாசிப்பார். அதே ஆண்டு பேடன்-பேடன் பக்கத்தில் பிராம்ஸ் ஹார்ன், வயலின், பியானோ மூன்றுக்கும் ஒரு டிரியோ எழுதினார். வால்வு இல்லாத காட்டு ஹார்ன்தான் வேண்டும் என்று குறிப்பிட்டார். சிறுவயதில் அவர் கற்ற வாத்தியம் அது. அப்பாவும் ஹார்ன் வாசித்தவர். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அம்மா இறந்திருந்தார். டிரியோவின் மெதுவான பகுதியைக் கை ஹார்னில் கேட்டால், அடைபட்ட ஸ்வரங்கள் அந்தத் துக்கத்துக்கு எப்படி இசைகின்றன என்பது தெரியும். 1876 முதல் வந்த அவருடைய நான்கு சிம்பொனிகளிலும் ஹார்ன் வரிகளைப் பழையபடி வளையச் சுருதி போட்டே எழுதினார். வாசித்தவர்கள் வால்வு ஹார்னில்தான் வாசித்தார்கள். அவரும் தடுக்கவில்லை.

எதிர்ப்பெல்லாம் இருந்தாலும் காரியம் எப்போதோ முடிந்துவிட்டது. ஷூமன் 1849-லேயே நான்கு வால்வு ஹார்ன்கள் முன்னணியில் நிற்கும் ஒரு கச்சேரிப் படைப்பை எழுதி, ஹார்ன் இனி என்னவெல்லாம் செய்யும் என்று காட்டியிருந்தார். இன்றும் ஹார்ன்காரர்களை மிரள வைக்கும் உருப்படி அது. இங்கிலாந்தின் வடக்கே சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வால்வு வாத்தியம் வாங்கி ஊருக்கு ஊர் பேண்டு அமைத்தார்கள். 1853-ல் மான்செஸ்டரில் அவர்களுக்கென்றே போட்டி தொடங்கியது. புளூமெலின் வாத்தியம் மறுபடி சுரங்கக்காரர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையில், 1842-ல், பெல்ஜியத்திலிருந்து பாரிஸுக்கு வந்து இறங்கினார் ஒரு வாத்தியக் கைவினைஞர். பெயர் அடோல்ஃப் சாக்ஸ். வந்த மூன்றாவது ஆண்டே, பிரெஞ்சு ராணுவ பேண்டுகளின் வாத்தியங்கள் எதற்கும் உதவாதவை, என்னுடையதைக் கேளுங்கள் என்று சவால் விட்டார். 1845 ஏப்ரல் 22 அன்று ஷான் த மார்ஸ் மைதானத்தில் அவருடைய பேண்டும் பழைய பாணி பேண்டும் ஜனங்கள் முன்னிலையில் எதிரெதிராக மோதின. அந்தப் போட்டியையும், அதற்குப் பிறகு பாரிஸ் வாத்தியக் கடைக்காரர்கள் அவர்மேல் போட்ட வழக்குகளையும் அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)